புகைப் பழக்கத்தை அளப்பது எப்படி?



திண்டிவனத்துக்கு அருகே உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டுத் திண்ணையில் என் சித்தப்பா படுத்து உறங்குவார். விடியற்காலையில், சேவல் கூவுவதற்கும் முன்பாக, தீக்குச்சி உரசும் ஓசை ஒன்று கேட்கும். அடுத்து இருமல் கேட்கும். அதற்குப் பிறகுதான் அவர் எழுந்து உட்காருவார். பாயை விட்டு எழுமுன்பே முதல் பீடியைப் பற்றவைத்துக்கொள்வது அவர் வழக்கம். அந்த ஓசைக்குள் ஒரு விஞ்ஞான உண்மை அடங்கியிருந்தது என்பதை நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

சித்தப்பா திண்டிவனத்தில் மணிலாக் கொட்டை மண்டி ஒன்றில் எடை போடும் வேலை பார்த்தார். மணிலாக் கொட்டையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் விவசாயி ஓர் எடை சொல்வார். வியாபாரி வேறோர் எடை சொல்வார். சித்தப்பா இருவருக்கும் பொதுவாக, "கண் சொல்வதை விடுங்கள், தராசு சொல்லட்டும்" என்பார். தராசு முள் நடுவில் நின்ற பிறகுதான் அவர் வாயிலிருந்து எண் வரும்.

1996ஆம் ஆண்டில் அவருக்குக் காசநோய் கண்டது. மருத்துவர், "ஒரு நாளைக்கு எத்தனை பீடி பிடிப்பீர்கள்?" என்று கேட்டார். சித்தப்பா, "இரண்டு மூன்று இருக்கும்" என்றார். "விட்டுவிடுங்கள்" என்றார் மருத்துவர். "ஆகட்டும்" என்றார் சித்தப்பா. பேச்சு அவ்வளவில் முடிந்தது. உண்மையில் அவர் நாள்தோறும் ஒரு கட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மருந்து சாப்பிட்ட மாதங்களிலும் கொல்லைப்புறத்தில் மறைந்து நின்று பிடித்தார்.

அப்போது நான் கல்லூரி மாணவன். ஒரு நாள் உறவினர் பலர் கூடியிருந்த இடத்தில், "உங்களுக்கு மனவுறுதி இல்லை, சித்தப்பா. குழந்தைகள்மேல் அன்பு இருந்தால் எப்போதோ விட்டிருப்பீர்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் தலை குனிந்து, "நீ சொல்வது சரிதான், தம்பி" என்றார். அதற்குப் பிறகு நான் இருக்கும் இடத்தில் அவர் உட்காருவதே இல்லை. 1997ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

அதே ஆண்டுகளில் நம் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்டு பீட்டோவும், பிறரும் சேர்ந்து அதை நடத்தினார்கள். சென்னை நகரத்தையும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களையும் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 1990க்குப் பின் வந்த ஆண்டுகளில் நோயால் இறந்த ஆண்கள் 43,000 பேரின் புகைப் பழக்கத்தையும், உயிரோடிருந்த 35,000 ஆண்களின் புகைப் பழக்கத்தையும் ஒப்பிட்டார்கள். இறந்தவர்களுள் 16,000 பேர் கிராமத்தவர். முடிவு 2003ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. 25 முதல் 69 வரை வயதுள்ள ஆண்களை எடுத்துக்கொண்டால், நகர்ப்புறத்தில் புகை பிடித்தவர்கள் பிடிக்காதவர்களைப்போல் இரு மடங்கு இறந்தார்கள். காசநோயால் இறந்ததோ நான்கரை மடங்கு. இந்திய ஆண்களிடையே காசநோயால் நேரும் மரணங்களில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைப் பழக்கம் ஒரு காரணம் என்று அவர்கள் கண்டார்கள். இம்மாவட்டத்துக் கிராமங்களில் அக்காலத்தில் இறந்தவர்களுள் என் சித்தப்பாவும் ஒருவர்.

இத்தனை பெரிய உண்மையை அவர்கள் எதைக் கொண்டு கண்டார்கள்? பெரும்பாலும் கேள்விகளைக் கொண்டே. இறந்தவர் வீட்டுக்குச் சென்று, "அவர் புகை பிடித்தாரா? எத்தகைய நோய் கண்டார்?" என்று முறையாகக் கேட்டார்கள். நன்கு அமைந்த கேள்வி ஒரு விஞ்ஞானக் கருவியே ஆகும்.

ஆனால் "புகை பிடித்தாரா?" என்ற கேள்வி இறந்தவர் கணக்குக்குப் போதும், உயிரோடிருப்பவரைக் காப்பாற்றப் போதாது. இவரைப் பழக்கம் எவ்வளவு இறுகப் பிணித்திருக்கிறது? தானே அவிழ்த்துக்கொள்வாரா, பிறர் உதவி வேண்டுமா? இவற்றை அறிந்தால்தான் மருத்துவம் செய்ய முடியும். இந்தப் பிணிப்பைத்தான் நிகோடின் சார்பு என்கிறோம்.

நிகோடின் என்பது புகையிலையில் உள்ள ஒரு ரசாயனப் பொருள். 1560ஆம் ஆண்டு வாக்கில் போர்ச்சுகலிலிருந்து பிரெஞ்சு அரசவைக்குப் புகையிலையை அனுப்பிவைத்த ழான் நிக்கோ என்ற தூதரின் பெயரால் அது வழங்குகிறது. 1828ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் போசெல்ட், ரெய்மன் என்னும் இருவர் அதைப் புகையிலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். புகையை உள்ளிழுத்தால் சில வினாடிகளில் நிகோடின் மூளையை எட்டுகிறது. அங்கே சற்று நேரம் இன்ப உணர்ச்சியை எழுப்புகிறது. பழகிய மூளை நாளடைவில் அது இல்லாமல் அமைதி கொள்வதில்லை. கிடைக்காதபோது எரிச்சல், பதற்றம், உறக்கமின்மை, எதிலும் மனம் ஒன்றாமை ஆகியவை தோன்றுகின்றன. நிகோடின் மக்களை அடிமைப்படுத்தும் பொருளே என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 1988ஆம் ஆண்டில் விரிவான அறிக்கை வெளியிட்டார்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். இரத்தத்தில் உள்ள நிகோடின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது. இரவு எட்டு மணிக்குக் கடைசிப் பீடியைப் பிடித்தவர் விடியற்காலை நான்கு மணிக்கு விழிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்தில் நான்கு முறை பாதியாகிறது. அதாவது பதினாறில் ஒரு பங்கே மிஞ்சுகிறது. இரவு முழுவதும் உடல் பட்டினி கிடந்திருக்கிறது. அந்தப் பட்டினியை ஒருவரால் எவ்வளவு நேரம் தாங்க முடிகிறது என்பதே பிணிப்பின் அளவைக் காட்டும். எங்கள் திண்ணையில் கேட்ட தீக்குச்சி ஓசையின் பொருள் இதுதான்.

ஸ்வீடன் நாட்டு உளவியல் அறிஞர் பாகர்ஸ்ட்ரோம் என்பவர் 1978ஆம் ஆண்டில் இதனை அளக்க ஒரு வினாப் பட்டியல் அமைத்தார். 1991ஆம் ஆண்டில் அவரும் ஹெதர்டன் முதலிய அறிஞர்களும் அதைத் திருத்தி ஆறு வினாக்களாகச் சுருக்கினார்கள். உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் அவ்வினாக்களைச் சொல்லுகிறேன்.

முதல் வினா: விழித்தெழுந்த பின் எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள்? 5 நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண். அரை மணிக்குள் என்றால் 2. ஒரு மணிக்குள் என்றால் 1. அதற்கு மேல் என்றால் மதிப்பெண் இல்லை. இரண்டாவது: புகை பிடிக்கக் கூடாத இடங்களில் அடக்கிக்கொண்டிருப்பது கடினமாக உள்ளதா? ஆம் என்றால் 1. மூன்றாவது: எந்தச் சிகரெட்டைக் கைவிடுவது மிகக் கடினம்? காலையில் பிடிக்கும் முதல் சிகரெட்டு என்றால் 1. நான்காவது: நாளொன்றுக்கு எத்தனை? 10 வரை மதிப்பெண் இல்லை. 11 முதல் 20 வரை 1. 21 முதல் 30 வரை 2. அதற்கு மேல் 3. ஐந்தாவது: விழித்த பின் வரும் முதல் சில மணி நேரத்தில், பிற பொழுதைவிட அதிகமாகப் பிடிக்கிறீர்களா? ஆம் என்றால் 1. ஆறாவது: எழ முடியாத நோயில் படுத்திருக்கும்போதும் பிடிக்கிறீர்களா? ஆம் என்றால் 1. மொத்தம் 10 மதிப்பெண்.

இவற்றுள் எண்ணிக்கையைக் கேட்கும் வினா ஒன்றே ஒன்று என்பதைக் கவனியுங்கள். மற்றவை ஒழுங்கையும் நேரத்தையும் கேட்பவை. எண்ணிக்கையைக் கேட்டால் மனிதர் வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லுவார். "காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார். முதல் வினாவும் நான்காவது வினாவும் மட்டுமே போதும், பெரும்பாலும் பிணிப்பின் கனத்தை அறியலாம் என்றும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பின் இவ்வினாக்களை முதன்முதலாகப் படித்தபோது, என் சித்தப்பாவுக்கு நானே மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். முதல் வினாவுக்கு 3. பேருந்தில் அமர்ந்தால் அவர் கை சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருக்கும், அதற்கு 1. காலைப் பீடிக்கு 1. ஒரு கட்டுக்கு 2. காசநோயோடு கொல்லைப்புறத்தில் நின்றதற்கு 1. கூட்டினால் 8 வந்தது. பத்துக்கு எட்டு வாங்கியவரிடம் நான் மனவுறுதியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். எடைக்கல் வைக்காமலே எடை சொன்னவன் நான்தான்.

எனினும் இவ்வினாக்கள் நம் ஊருக்கு அப்படியே பொருந்திவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அவை சிகரெட்டை மனத்தில் வைத்து அமைந்தவை. பீடியில் புகையிலை குறைவு. அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துபோகும். ஆகவே பத்துப் பீடியும் பத்துச் சிகரெட்டும் ஒன்றாகா. நம் கிராமங்களில் வெற்றிலையோடு புகையிலை போடும் தாய்மார்களும் உண்டு. மெல்லும் புகையிலைக்கென்று 2006ஆம் ஆண்டில் தனி வினாப் பட்டியல் ஒன்று வந்தது. அதுவோ வாரத்துக்கு எத்தனை டப்பா என்று கேட்கிறது. முந்தானையில் முடிந்த காம்புப் புகையிலையைக் கிள்ளிக் கிள்ளிப் போடும் ஒரு பாட்டியிடம் போய் டப்பாக் கணக்கை எப்படிக் கேட்பது? இந்தியா முழுவதும் நடந்த கணக்கெடுப்பில், வயது வந்தோருள் புகையிலை பயன்படுத்துவோர் 2009–10இல் நூற்றுக்கு 34.6 பேராக இருந்து, 2016–17இல் 28.6 பேராகக் குறைந்தார்கள். அதே காலத்தில் தமிழ்நாட்டில் 16.2இலிருந்து 20 ஆக ஏறிற்று. நமக்கு ஏற்ற வினாக்களை நாமே ஆராய்ந்து அமைத்துக்கொள்ள வேண்டிய கடமை இருக்கிறது.

வாய் சொல்வது இவ்வாறு குறைபடக்கூடும் என்பதால் விஞ்ஞானிகள் உடலையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அச்சாட்சிகள் இரண்டு.

ஒன்று மூச்சு. எரியும் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு உண்டு. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலிமையோடு அது இரத்தச் சிவப்பணுக்களைப் பற்றிக்கொள்கிறது. மூச்சை 15 வினாடி அடக்கி, ஒரு சிறு கருவியில் மெல்ல ஊதினால், வெளிவரும் காற்றில் அவ்வாயு எவ்வளவு என்பதைக் கருவி எண்ணாகக் காட்டிவிடும். சில நிமிட வேலை, செலவும் குறைவு. ஆனால் இந்தச் சாட்சிக்கு நினைவாற்றல் குறைவு. நான்கைந்து மணி நேரத்தில் வாயு பாதியாகிவிடும். ஓரிரு நாளில் தடயமே இராது. விறகடுப்புப் புகையும் அதைச் சற்றுக் குழப்பக்கூடும். வெற்றிலைப் பாட்டி ஊதினாலோ, புகையிலையே அறியாதவர் என்று அது சொல்லிவிடும்.

மற்றொன்று கோட்டினின். நிகோடினைக் கல்லீரல் மாற்றி அமைக்கும்போது பிறக்கும் பொருள் அது. நிகோடின் என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றிப்போட்டே அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். உமிழ்நீரிலும் சிறுநீரிலும் இரத்தத்திலும் அதை அளக்கலாம். அது பாதியாகக் குறைய 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே மூன்று நான்கு நாள் கழித்தும் சான்று சொல்லும். பீடியாயினும் சுருட்டாயினும் வெற்றிலைப் புகையிலையாயினும் அதற்கு ஒன்றே. ஒருவர் இருபது சிகரெட்டைப் பத்தாகக் குறைத்து, அந்தப் பத்தையும் ஆழ இழுத்தால், எண்ணிக்கை பாதியானாலும் கோட்டினின் பாதியாகாது. உடலை ஏமாற்றுவது எளிதன்று.

அப்படியானால் கோட்டினின் ஒன்றே போதாதா, கேள்விகள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இங்கேதான் நுட்பமாகச் சிந்திக்க வேண்டும். உடலுக்குள் எவ்வளவு நிகோடின் சென்றது என்பதையே கோட்டினின் சொல்லும். அது ஏன் சென்றது, அது இல்லாமல் அம்மனிதர் என்ன பாடு படுவார் என்பதைச் சொல்லாது. புகை பிடிக்கும் கணவரோடு ஒரே அறையில் வாழும் மனைவியின் உடலிலும் சிறிதளவு கோட்டினின் இருக்கும். புகையிலைத் தோட்டத்தில் ஈர இலையைக் கையாளும் தொழிலாளியின் உடலிலும் இருக்கும். பழக்கத்தை விடுவதற்காக நிகோடின் கலந்த சூயிங்கம் மெல்லுபவருக்கும் இருக்கும். இவர்களெல்லாம் பழக்கத்துக்கு அடிமையானவர்களா? மேலும், நிகோடினை மாற்றும் வேகம் கல்லீரலுக்குக் கல்லீரல் வேறுபடுகிறது. விரைவாக மாற்றுபவருக்கு அடுத்த சிகரெட்டின் நினைவும் விரைவாக வரும். ஆதலால் உட்சென்ற அளவை உடலிடம் கேட்க வேண்டும்; பிணிப்பின் இறுக்கத்தை மனிதரிடமே கேட்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் முள் நடுவில் நிற்கும்.

இந்த அளவை எதற்குப் பயன்படும்? சிகிச்சையைத் தீர்மானிக்கப் பயன்படும். எடுத்துக்காட்டாக, விழித்த அரை மணிக்குள் புகைப்பவருக்கு 4 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கமும், அதற்குப் பிறகு புகைப்பவருக்கு 2 மில்லிகிராமும் என்பது மருத்துவர்கள் கையாளும் முறை. "விட்டுவிடுங்கள்" என்ற ஒரு சொல்லே சிலருக்குப் போதும். சிலருக்கு மருந்தும், பல வாரத் துணையும் வேண்டும். யாருக்கு எது என்பதை ஊகித்துச் சொல்வது தவறு.

இப்போது நான் விழுப்புரத்தில் ஆசிரியனாக இருக்கிறேன். திண்டிவனத்திலிருந்து நாள்தோறும் ரயிலில் வரும் மாணவன் ஒருவனை எனக்குத் தெரியும். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு நிலையமாக வண்டி நிற்கும்போதும் அவன் எழுந்து எழுந்து வாசலுக்குப் போவான். ரயிலில் புகைப்பது சட்டப்படி குற்றம். இறங்கிப் பிடிக்கவோ நேரமில்லை. ஒரு நாள் அவனைத் தனியே அழைத்துப் பேசினேன். "ஒரு நாளைக்கு ஐந்துதான் சார், அது ஒன்றும் பழக்கம் இல்லை" என்றான். "முதல் சிகரெட்டு எப்போது?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, "கண் விழித்ததும்" என்றான். ஆறு வினாக்களையும் கேட்டேன். ஐந்தே சிகரெட்டு பிடிப்பவனுக்கு 6 மதிப்பெண் வந்தது. எண்ணிக்கையைக் குறைத்து வைத்திருந்தது அவன் கையில் இருந்த காசுதான், பிணிப்பு குறையவில்லை. அவனே அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் மூச்சுக் கருவியில் ஊதச் சொன்னார். சில நாள் கழித்து மீண்டும் ஊதியபோது எண் தாழ்ந்திருந்தது. தன் உடல் தேறுவதை அவன் தன் கண்ணாலேயே கண்டான். மூன்றாம் வாரம் ஒரு நாள், கருவியைக் கையில் வாங்குமுன்பே, "நேற்று இரண்டு பிடித்துவிட்டேன், டாக்டர்" என்று தானாகச் சொன்னான். நான் அருகில் இருந்தேன், கடிந்து பேசவில்லை. மருத்துவர், "சரி, எந்த நேரத்தில்?" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவன் இன்னும் வந்துகொண்டிருக்கிறான். முழுதும் விட்டுவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். மறைந்து நிற்கவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லுவேன்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் தந்தையோ மாமாவோ அண்ணனோ இப்பழக்கத்தில் இருக்கலாம். அவரிடம் "ஏன் விடவில்லை?" என்று கேட்காதீர்கள். "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி?" என்று அன்போடு கேளுங்கள். விடையைக் கேட்ட பிறகு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1800-11-2356 என்ற தேசியத் தொலைபேசி உதவி எண்ணும் இருக்கிறது. அழைப்புக்குக் கட்டணம் இல்லை. அந்த ஒரு கேள்வியை என் சித்தப்பாவிடம் கேட்க எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு இன்று தெரிந்துவிட்டது.